ஊர்க் கணக்கு

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் நாட்டு முதுமொழி. இளமையில் இதனைக் கேட்கும்போதெல்லாம் யாம் உள்ளூர நகைத்ததுண்டு. ஆற்றில் எறிந்த பொருள் மீண்டு வாராது. மீளாத பொருளை அளப்பதால் யாது பயன் என்பது எம் வினா. அதற்குரிய விடை எமக்கு நூல்களில் கிடைக்கவில்லை. மாணவராயிருந்த காலத்தில் விடுதியின் உணவுக் கணக்கிலே கிடைத்தது. அவ்விடையை இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு எடுத்துரைத்து, அதன் துணைகொண்டு எம் ஊராகிய தூத்துக்குடியின் பொதுக் கணக்கைச் சிறிது நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. நகராட்சியின் வரவு செலவு, ஆண்டுத் தணிக்கை என்ற சொற்களைக் கண்ட அளவிலே ஏட்டைப் புரட்டிவிட வேண்டா. கணக்கு, கணிதத்தில் வல்லார்க்கு மட்டும் உரியதன்று. தண்ணீர் குடிப்பார் அனைவர்க்கும் உரியது.

யாம் இரண்டாம் ஆண்டில் பயின்றபோது விடுதி மாணவர்கள் எம்மை உணவுக் கணக்குச் செயலராகத் தேர்ந்தெடுத்தனர். விடுதியில் மூன்று நிதிகள் இருந்தன: உணவுக்கு ஒன்று, விளையாட்டிற்கு ஒன்று, நோயுற்ற மாணவர்க்கு உதவ ஒன்று. மூன்றிற்கும் பணம் கொடுத்தவர் அதே மாணவர்கள். மூன்றையும் வைத்துப் பூட்டிய பெட்டியும் ஒன்றே. ஆதலின் மூன்றும் ஒன்றே என்று யாம் எளிதில் முடிவு செய்துவிட்டோம். தைத் திங்களில் பொங்கல் விருந்து வந்தது. காய்கறி விலை ஏறியிருந்தது. உணவு நிதியோ வறண்டு கிடந்தது. விருந்தில் குறை நேர்ந்தால் செயலர்க்கு இழுக்கன்றோ? நோயாளர் நிதியிலிருந்து வேண்டிய தொகையை எடுத்துச் செலவிட்டோம். மாசியில் வரும் பணத்தைக் கொண்டு திருப்பி வைத்துவிடுவோம் என்பது எம் எண்ணம். எண்ணியதை ஏட்டில் எழுதவில்லை. ஒருவரையும் கலந்து கேட்கவுமில்லை. விருந்து சிறந்தது. எல்லோரும் எம்மைப் புகழ்ந்தனர்.

மாசித் திங்களில் ஒரு மாணவரை மஞ்சட்காமாலை பற்றியது. அவர் எம் ஊரை அடுத்த உப்பளப் பகுதியினர். அளத்தில் கூலி வேலை செய்யும் ஒருவரின் மகன். மருந்திற்கும் ஊருக்குச் செல்லும் வழிச்செலவிற்கும் நோயாளர் நிதியிலிருந்து பணம் கேட்டு அவருடைய அறைத்தோழர் எம்மிடம் வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தோம், பிறகு மூடினோம். 'இரண்டு நாள் பொறுத்துக் கொள்ளுங்கள்' என்றோம். நாம் பொறுக்கலாம், நோய் பொறுக்குமா? அன்றிரவே அந்த நண்பர் தம் கைக்கடிகாரத்தை அடகு வைத்து, நோயுற்றவரை ஊருக்கு அழைத்துச் சென்றார். நற்பேறாக உடல் தேறி இரு திங்களில் அவர் திரும்பி வந்தார். அவர் எம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெட்டி வெறுமையாயிருந்ததன் காரணத்தை அவர் அறியார்.

ஆண்டிறுதியில் கணித ஆசிரியர் ஒருவர் விடுதிக் கணக்கைத் தணிக்கை செய்தார். கூட்டலில் பிழை இல்லை. பற்றுச்சீட்டுகள் யாவும் ஒழுங்காகக் கோக்கப்பட்டிருந்தன. ஒரு காசும் எம் சொந்தச் செலவிற்குப் போகவில்லை. யாம் பாராட்டை எதிர்நோக்கி நின்றோம். அவரோ பொங்கல் விருந்துச் செலவிற்கு நேரே சிவப்பு மையால் இரண்டே சொற்களை எழுதினார்: 'யாருடைய பணம்?'

'விடுதியின் பணந்தான், ஐயா' என்றோம்.

'விடுதி காய்ச்சலில் படுப்பதில்லை, தம்பி. இந்தத் தொகை மாசி மாதத்தில் நோயில் விழப்போகிற ஒருவனுக்கென்று வைத்தது. தை மாதத்தில் அவன் இன்னாரென்று நமக்குத் தெரியாது. எனக்கு வேண்டும் என்று கேட்க அவனும் வந்து நிற்க முடியாது. அதனாலேதான் நிதியைத் தனியாகப் பிரித்து வைக்கிறோம்' என்றார் அவர். பிறகு, தம் குறிப்பையும் சேர்த்துக் கணக்கு முழுவதையும் விடுதிக் கூட்டத்தில் எம்மையே படிக்கச் செய்தார். படித்தோம். அந்த மாணவர் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். அவர் முகத்தை நோக்கும் ஆற்றல் எமக்கு அன்று இல்லை.

கோடை விடுமுறையில் மன்னிப்புக் கேட்கும் பொருட்டு அவருடைய வீட்டிற்குச் சென்றோம். அவர் தந்தையார் எம் குற்றத்தைக் கேட்டுச் சினக்கவில்லை. உள்ளே சென்று, உப்புக் கறை படிந்த சிறிய ஏடொன்றை எடுத்து வந்து காட்டினார். நாட்கூலியும் வாங்கிய முன்பணமும் அதில் எழுதப்பட்டிருந்தன. அவர்க்கு எழுத்தறிவு இல்லை. ஆயினும் சனிக்கிழமைதோறும் பக்கத்து வீட்டுச் சிறுமியை அழைத்து அதனைப் படிக்கச் சொல்லிக் கேட்பாராம். 'எழுதுகிறவர் நல்லவர்தாம், தம்பி. நல்லவர்க்கும் கை தவறும். எழுதும் கை ஒன்றானால் பார்க்கும் கண் வேறொன்றாய் இருக்க வேண்டும்' என்றார். தம் பாட்டனார் அக்கரையில் நடந்த முத்துக்குளிப்பிற்குத் தோணியில் சென்றவர் என்றும், அங்கே சிப்பியைப் பங்கிடும் முறையும் இதுவே என்றும் சொன்னார். அவர் சொன்னதன் பொருளைப் பிற்காலத்தில் நூல்களை நோக்கியே யாம் நன்கு உணர்ந்தோம்.

மன்னார்க் கடலின் முத்துச் சலாபங்களில், ஆங்கிலேயர் ஆட்சியில், குளித்தெடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்திற்கும் ஒரு பங்கு குளிப்பார்க்கும் உரியன. இலங்கைச் சலாபத்தில் இப்பங்கீடு நடந்த வகை வியப்பிற்குரியது. தோணி கரை சேர்ந்ததும், கொட்டு என்னும் அடைப்பிற்குள்ளே குளிப்பார் தாமே சிப்பிகளை மூன்று குவியல்களாகப் பிரிப்பர். எந்த இரண்டு குவியல்கள் அரசாங்கத்திற்கு என்று தேர்ந்தெடுப்பவரோ அதிகாரி. பிரிப்பவர்க்குத் தேரும் உரிமை இல்லை. தேர்பவர்க்குப் பிரிக்கும் உரிமை இல்லை. ஆதலின் ஒரு குவியலைச் சிறிதாக்குவதால் குளிப்பார்க்கு ஊதியமில்லை. அச்சிறு குவியலே தம் பங்கிற்கு வந்து சேரும். காவலர் நூறு பேர் செய்யமாட்டாத வேலையை இந்த ஒழுங்கு ஒன்றே செய்து முடித்தது.

சலாபம் தொடங்குமுன்னரும் ஒரு கணக்கு உண்டு. கடலடிப் பார்களிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, சலாபம் நடத்தினால் செலவிற்குக் கட்டுமா என்று பார்ப்பர். முத்துகளைப் பெருமை சிறுமை பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. 20 துளையுடையது முதலாக 1000 துளையுடையது ஈறாக அவை அமைந்தன. தூத்துக்குடிக் கடலில் 1955ஆம் ஆண்டு முதல் 1961ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த முத்துக்குளிப்போடு அப்பெருந்தொழில் ஓய்ந்தது. முத்து ஓய்ந்தாலும் முத்துக் கணக்கின் நெறி ஓயவில்லை. மாதிரி எடுத்து ஆராய்தல், பிரிப்பவரையும் பார்ப்பவரையும் வேறாக வைத்தல் என்னும் இவ்விரண்டுமே இன்றளவும் எந்த நகராட்சித் தணிக்கைக்கும் உயிர்நாடி.

இனி எம் நகரின் கணக்கிற்கு வருவோம். தூத்துக்குடி 1866ஆம் ஆண்டில் நகராட்சியாயிற்று; 2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் மாநகராட்சியாக உயர்ந்தது. இன்று அதில் 60 வட்டங்கள் உள்ளன. கடலும் உப்பளமும் சூழ்ந்த இவ்வூரில் நிலத்தடி நீர் உவர். பண்டு நல்ல தண்ணீருக்கு மக்கள் பட்ட பாடு பெரிது. நகராட்சித் தலைவராயிருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து அவர்கள் பெரிதும் முயன்று, வல்லநாட்டில் தாமிரவருணியின் நீரைத் தடுத்தெடுத்துக் குழாய் வழியே ஊருக்குக் கொணர்ந்த செயலை இவ்வூரார் இன்றும் நன்றியோடு நினைக்கின்றனர். 1869ஆம் ஆண்டில் பிறந்து 1930ஆம் ஆண்டில் மறைந்த அப்பெரியாருடைய சிலைக்கு மாலையிடுவோர் பலர். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்ப்போர் சிலரே. குழாயைப் புதைப்பது ஒருமுறைச் செலவு. அதில் நாடோறும் நீர் ஓடச் செய்வது ஆண்டுதோறும் செலவு. முன்னதைப் பெருமுயற்சியுடையார் ஒருவர் முன்னின்று முடிக்கலாம். பின்னதை ஒழுங்கான கணக்கே முடிக்கும்.

இது பற்றியே தமிழ்நாட்டு நகராட்சிகளும் மாநகராட்சிகளும் தம் பணத்தை ஒரே பையில் இடாமல், வருவாய் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என மூன்றாக வகுத்து வைக்கின்றன. நாம் செலுத்தும் சொத்து வரியிலேயே பொதுச் செலவிற்கு ஒரு கூறும், குடிநீர் வடிகாலுக்கு ஒரு கூறும், கல்விக்கு ஒரு கூறும் அடங்கியுள்ளன. விடுதிப் பெட்டியின் மூன்று நிதிகளை யாம் ஈண்டு நினைந்து நாணுகின்றோம். தண்ணீருக்கென்று கொடுத்த பணம் தண்ணீருக்கே செல்லவேண்டும் என்பது ஏட்டுச் சம்பிரதாயம் அன்று. அடுத்த கோடையில் குடத்தோடு நிற்கப்போகும் ஒருத்திக்கு இன்றே செய்து வைக்கும் உறுதிமொழி.

நகராட்சியின் வரவு செலவுத் திட்ட நூலைக் கண்டு மாணவர் அஞ்சுவர். அதில் அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை. ஒவ்வொரு தலைப்பிற்கும் நேரே மூன்று தொகைகளைக் காண்க. சென்றுபோன ஆண்டில் மெய்யாகவே ஆன செலவு ஒன்று; நடப்பாண்டிற்கு முதலில் எண்ணியதைத் திருத்தி எழுதிய மதிப்பீடு ஒன்று; வருமாண்டிற்கு எண்ணும் மதிப்பீடு ஒன்று. முதலாவது நினைவு, மூன்றாவது நம்பிக்கை, நடுவிலுள்ளது மனச்சான்று என்று யாம் கூறுவோம். வருமாண்டின் பெருந்தொகைகளை மேடையில் எவரும் படிப்பர். செய்தித்தாள்களும் அவற்றையே வெளியிடும். சென்ற ஆண்டு சொன்னது என்ன, அது இவ்வாண்டு எவ்வளவாகச் சுருங்கியது அல்லது பெருகியது, சுருங்கிய தொகை எங்கே சென்றது என்பனவற்றை உரைப்பது அந்த நடுத் தொகையே.

திருத்துதல் குற்றமா எனின், அன்று. திருத்தாத திட்டம் உயிரற்றது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் எம் மாவட்டத்தில் பெய்த பெருமழையை எவரே மறப்பர்? காயற்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைப்பெடுத்தது. தூத்துக்குடித் தெருக்களில் படகு சென்றது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதாகலின், அவ்வெள்ளம் வந்தது அதன் ஒன்பதாந் திங்களில். மார்ச்சில் வகுத்த திட்டம் எதுவும் அவ்வெள்ளத்தை அறிந்திருக்கவியலாது. இத்தகைய வேளையில் நீரிறைக்கும் பொறிகளுக்கும் குப்பை அகற்றலுக்கும் மருந்திற்கும் வேறு தலைப்புகளிலிருந்து பணம் எடுத்தே தீரவேண்டும். விருந்திற்கு எடுத்ததும் வெள்ளத்திற்கு எடுப்பதும் ஒன்றாகா. ஆயினும் இரண்டிற்கும் பொதுவான கேள்வி ஒன்றுண்டு: எடுத்தது யாருடைய பங்கு? எந்தத் தெருவின் விளக்கு, எந்தப் பள்ளியின் கூரை, எந்த வட்டத்தின் வடிகால் அதனால் ஓராண்டு தள்ளிப் போயிற்று? அதனை மாமன்றத்தில் வெளிப்படக் கூறித் தீர்மானம் எழுதி, எப்போது ஈடு செய்வோம் என்பதையும் குறித்துவிட்டால் அது நெறிப்பட்ட மாற்றம். ஒருவரும் அறியாமல் செய்தால், செலவு எத்துணை நற்செலவாயினும், அது எம் பொங்கல் விருந்தை ஒத்ததே.

ஆண்டு முடிந்தபின் தணிக்கையாளர் வருகின்றார். நம் நாட்டில் நகராட்சிகளின் கணக்கைப் பார்ப்பது உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. அது நகராட்சிக்குக் கட்டுப்பட்டதன்று, மாநில அரசைச் சார்ந்தது. பார்ப்பவர் வேறாயிருக்க வேண்டும் என்ற முத்துச் சலாப நெறி ஈண்டும் காண்க. அவர் வரிப் பதிவேட்டில் கேட்பு, வசூல், நிலுவை என்னும் மூன்றையும் ஒப்பு நோக்குவார். வேலை செய்ததாக எழுதிய அளவுப் புத்தகத்தையும் ஒப்பந்தக்காரர்க்குக் கொடுத்த பணத்தையும் ஒத்துப் பார்ப்பார். கொடுத்த முன்பணம் ஈடு செய்யப்பட்டதா என்று வினவுவார். ஒவ்வாதவற்றைத் தணிக்கைத் தடை என்று எழுதி வைப்பார். தடை என்றதும் திருட்டு என்று கொள்ளுதல் பெரும்பிழை. பல தடைகள் ஒரு பற்றுச்சீட்டு வைக்கப்பட்டதும் நீங்கிவிடும். நகரத்திற்குக் கேடு செய்வன தடைகள் அல்ல; விடையின்றி ஆண்டுக்கு ஆண்டு தொடரும் தடைகளே. எழுதிய அதிகாரி மாறி, விடை சொல்ல வேண்டியவர் ஓய்வு பெற்று, தாளும் பழுத்தபின் அக்கேள்விக்கு விடை கூறுவார் யார்?

இந்நெறி மேனாட்டிலிருந்து நமக்கு வந்த புதுமையென்று சிலர் கருதுவர். உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை, அக்கருத்தைப் பொய்யாக்கும். குடவோலை முறையை நம் மாணவர் யாவரும் அறிவர். அம்முறையில் யாவர் பெயரை எழுதலாகாது என்ற பகுதியை அறிவார் குறைவு. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்தற்குரியர் அல்லர். அவருடைய நெருங்கிய உறவினரும் உரியர் அல்லர். ஊர்க் கணக்கு எழுதுவானும் தான் எழுதிய கணக்கைத் தானே காட்டித் தூயவன் எனப் பெற்ற பின்னரே மறுபடி அப்பணிக்கு வரலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கூடிய சபையார் இதனைக் கல்லில் வெட்டி வைத்தனர். தாளில் எழுதினால் அழிந்துவிடும் என்று அஞ்சினர் போலும்!

இக்காலத்துச் சட்டங்களும் குறைந்தன அல்ல. 1993ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் நகராட்சிகளின் தேர்தலையும் நிதியையும் தணிக்கையையும் குறித்துப் பேசுகின்றது. 2021ஆம் ஆண்டு முதல் 2026ஆம் ஆண்டு வரையிலான காலத்திற்குப் பதினைந்தாம் நிதிக்குழு வகுத்த மானியத்தைப் பெற, தணிக்கை செய்த கணக்கை ஊரார் காண வெளியிடல் வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. ஆயினும் சட்டம் மட்டும் போதாது. 2016ஆம் ஆண்டின் இறுதி முதல் 2022ஆம் ஆண்டின் தொடக்கம் வரை தமிழ்நாட்டு நகரங்களில் தேர்ந்தெடுத்த மன்றங்களே இல்லை, அதிகாரிகளே நடத்தினர். கணக்கு அப்போதும் எழுதப்பட்டது, தணிக்கையும் நடந்தது. ஆனால் 'எங்கள் தெருப் பங்கு எங்கே?' என்று எழுந்து கேட்கும் உறுப்பினர் இருக்கை ஐந்தாண்டுக்கு மேல் வெறுமையாய்க் கிடந்தது.

செல்வத்தாலும் இக்குறை தீராது. இங்கிலாந்தில் பெரிய நகரங்களுள் ஒன்றாகிய பர்மிங்காம், 2023ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், சட்டப்படி செய்தே தீர வேண்டிய பணிகளுக்கன்றி வேறெதற்கும் புதிதாய்ச் செலவிட இயலாதென்று அறிவித்தது. பெண் ஊழியர்க்கு நிகர் ஊதியம் கொடாது விட்டதன் கடன் ஆண்டுதோறும் பெருகி வந்து நின்றது ஒருபுறம். புதிதாய் நிறுவிய கணக்குப் பொறி ஒழுங்காய் இயங்காமையால் தன் நிலையைத் தானே தெளிய அறியாமை மற்றொருபுறம். அங்கும் கேள்வி ஒன்றே. அந்தப் பணம் அத்தனை ஆண்டும் யாருடைய பணம்? ஊதியம் குறைந்து பெற்ற அப்பெண்களுடையது.

நண்பர்களே, 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரி உயர்ந்தபோது தேநீர்க் கடைதோறும் அதுவே பேச்சாயிருந்தது. கொடுப்பதைப் பற்றி அவ்வளவு பேசிய நாம், கொடுத்தது சென்ற வழியைக் கேட்பதில் அதில் நூற்றிலொரு பங்கு ஊக்கம் காட்டினோமா? வணிகவியல் பயிலும் மாணவர்க்கு எம் வேண்டுகோள் ஒன்று. ஆண்டிற்கொருமுறை உங்கள் ஊர் வரவு செலவுத் திட்டத்தையும் தணிக்கை அறிக்கையையும் தேடிப் பெற்று, ஒரே ஒரு தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று தொகைகளையும் ஒத்துப் பாருங்கள். தமிழ் பயிலும் மாணவர் அதனை எளிய நடையில் எழுதித் தெருவாருக்குப் படித்துக் காட்டுங்கள். குற்றம் காணும் நோக்கம் வேண்டா. பக்கத்து வீட்டுச் சிறுமி உப்பளத் தொழிலாளியின் ஏட்டைப் படித்தாளே, அந்த எளிய தொண்டே போதும்.

தொடக்கத்தில் கூறிய வினாவிற்கு வருவோம். ஆற்றிலே போடுவதை அளப்பானேன்? ஆறு ஓரிடத்தில் நிற்பதன்று. மேற்கரையில் நிற்பவன் தான் போட்டதையும் எடுத்ததையும் மறந்துவிடலாம். கீழே ஒருவன் இருக்கின்றான். அவனை இவன் கண்டதில்லை. தாமிரவருணியின் கீழ்ப்பகுதி நீரைக் குடித்து வாழும் ஊர் எம் தூத்துக்குடி. மேலேயுள்ளார் அளந்து எடுத்தாலன்றிக் கீழேயுள்ளார்க்கு மிஞ்சாது என்பதை எம் ஊரார் அறிந்த அளவிற்கு அறிந்தவர் யார்? கணக்கும் அத்தகையதோர் ஆறே. அதனை அளப்பது, கண்முன் இராத ஒருவருக்காக.

அந்த உப்பள வீட்டு நண்பர் இன்று எம் நெருங்கிய தோழர். அவரைக் காணும்போதெல்லாம் எம் நெஞ்சில் சிவப்பு மையால் எழுதிய இரு சொற்கள் எழுகின்றன. அவை அழியாதிருப்பதே எமக்கு நலம்.